த்ராட்டில் லாக் தேர்வு: பிடிக்கும் கருவியை அது விடும் விதத்தைப் பார்த்து வாங்குங்கள்

மோட்டார் சைக்கிளில் நீண்ட நேர்ச்சாலைப் பயணம் போனால் வலது கைக்கு மட்டும் ஓய்வே கிடையாது. இடது கை க்ளட்ச் பிடிக்காத நேரமெல்லாம் சும்மாதான் இருக்கும். தொடையில் வைத்துக்கொள்ளலாம், உதறிக்கொள்ளலாம். வலது கையோ த்ராட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டத் திருப்பும் வலது கிரிப்பை, மூடப் பார்க்கும் ஸ்ப்ரிங்கோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்க வேண்டும். அந்தக் கைக்குச் சில நொடி விடுப்புக் கொடுப்பதுதான் த்ராட்டில் லாக்கின் வேலை.

இதை க்ரூஸ் கண்ட்ரோலோடு குழப்பிக்கொண்டு வாங்குபவர்கள் நிறைய. க்ரூஸ் கண்ட்ரோல் வண்டியின் வேகத்தைப் பார்த்து, தேவைக்கேற்ப எஞ்சினுக்குக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும். த்ராட்டில் லாக்குக்கு வேகம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கிரிப் நீங்கள் விட்ட இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஏற்றம் வந்தால் வேகம் விழும், இறக்கம் வந்தால் ஏறும், எதிர்க்காற்று அடித்தால் மறுபடி விழும். அதனால் லாக் போட்ட பிறகும் கூட்டிக் குறைக்கும் வேலை உங்களுடையதே. லாக் பிடித்திருக்கும்போதே கிரிப்பைச் சுலபமாக இரு பக்கமும் திருப்ப முடிகிறதா என்பது இங்கிருந்துதான் முக்கியமாகிறது.

ஒரு ரப்பர் வளையத்தைச் செருகினால்கூட கிரிப் நிற்கும். பிடிப்பது அவ்வளவு எளிது. எதிரே ஒரு நாய் குறுக்கே ஓடும்போது, யோசிக்காமல் மணிக்கட்டை முன்னால் சுழற்றினால் த்ராட்டில் முழுதாக மூடுகிறதா? இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லாத எந்த லாக்கும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்டியில் ஏறக் கூடாது.

வாங்கும் முன் வண்டியைப் பாருங்கள்

கை வலிக்கிறது என்று லாக் வாங்குவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பல வண்டிகளில் பிரச்சினை காய்ந்துபோன த்ராட்டில் கேபிளில் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு கிரிப்பை முழுதாகத் திறந்து விடுங்கள். 'டக்' என்று அடித்துத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ, பாதியில் தயங்கினாலோ கேபிள் வறண்டிருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது கிரிப்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே அழுக்கு சேர்ந்திருக்கிறது. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி அதையே மறுபடி செய்யுங்கள். ஒரு கோடியில் மட்டும் இறுக்கம் தெரிந்தால் கேபிள் போகும் வழி தவறு.

குழாயைக் கழற்றித் துடைத்து, பாரை உலர்ந்த துணியால் சுத்தம் செய்து, கேபிளுக்குள் கேபிள் லூப் (மசகு எண்ணெய்) விட்டாலே கை வலி பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு. பாரின் மேல் கிரீஸ் அப்பாதீர்கள். தூசியைப் பிடித்து மாவாக்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் லாக் மாட்டினால் இரட்டை ஆபத்து. ஏற்கெனவே தயங்கித் திரும்பும் த்ராட்டில், லாக்கின் சிறு உராய்வு சேர்ந்ததும் திரும்பாமலே நின்றுவிடும்.

அடுத்து ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் கிரிப்பில் தெரியும் வெற்று அசைவு. கிரிப்பின் உள்விளிம்பில் அளந்தால் பெரும்பாலான கேபிள் வண்டிகளில் 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ப்ளே அதிகமாக இருந்தால் லாக் பிடித்த பிறகும் வேகம் ஆடிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும், லாக்கின் மீது பழி விழும்.

விரல் மரத்துப்போவது வேறு கதை. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கம், அதாவது சுண்டு விரலுக்குக் கீழே உள்ள மேடு அழுந்துகிறது. கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நெருக்கப்படுகிறது. பெரும்பாலும் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருப்பதால் வருவது. இரண்டாவது வகைக்கு பிரேக் லிவரைச் சற்றுக் கீழே இறக்கி, முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்படி வைத்தாலே பலன் தெரியும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகவில்லை என்றால் அது கருவி வாங்கித் தீர்க்கும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

அளக்க வேண்டியவை

"எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருக்கும் பெட்டியை நம்பி வாங்கியவை பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. ஒரு வெர்னியர் காலிப்பரும் பத்து நிமிடமும் போதும்.

1. ஹேண்டில்பாரின் வெளிவிட்டம், கிரிப் பகுதியில். பெரும்பாலான வண்டிகளில் 22 மி.மீ. (எட்டில் ஏழு பங்கு அங்குலம்). பல க்ரூஸர்களில் 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். நடுவில் 28.6 மி.மீ. தடிப்புள்ள டேப்பர் பாராக இருந்தாலும் கிரிப் பகுதியில் 22 மி.மீ. தான்.

2. பாரின் உள்விட்டம். பார் எண்ட் (ஹேண்டில்பாரின் முனையில் பொருத்தும் கனமான துண்டு) இருக்கும் இடத்தில் அமரும் வகை லாக்குக்கு இதுதான் தலைவிதி. இரும்புக் குழாய் மெல்லியது, உள்விட்டம் 17, 18 மி.மீ. பக்கம் வரும். அலுமினியம் பாரின் சுவர் தடிமன், 13, 14 மி.மீ. தான் கிடைக்கும். பார் எண்டைக் கழற்றாமல் இதை அளக்க முடியாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

3. பார் எண்ட் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பாருக்குள்ளேயே வெல்ட் செய்த மரையா, எம்6 அல்லது எம்8? விரியும் ரப்பரா? பாருக்குள் ரப்பர் தாங்கலில் நிற்கும் நீண்ட உள் எடையா? மூன்றுக்கும் தனித்தனிப் பாகங்கள்.

4. கிரிப்பின் உள்விளிம்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி. இங்கே கவ்வும் வகை லாக்குக்கு இந்தச் சில மில்லிமீட்டர்தான் முடிவு சொல்லும்.

5. கிரிப்பின் வெளிமுனைக்கும் பார் எண்டுக்கும் உள்ள இடைவெளி. இது பூச்சியம் என்றால் இப்போதே உங்கள் த்ராட்டில் உரசிக்கொண்டிருக்கிறது.

இவற்றோடு நான்கு விஷயங்களைக் கண்ணால் பாருங்கள்: ஹேண்ட் கார்ட் பார் முனையில் திருகப்பட்டிருக்கிறதா, கிரிப் ஹீட்டரின் ஒயர் எந்தப் பக்கம் வெளியே வருகிறது, கிரிப்பின் வெளிமுனை மூடியதா திறந்ததா, பார் முனைக் கண்ணாடி இருக்கிறதா.

த்ராட்டில் கேபிளா, எலக்ட்ரானிக்கா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரைட்-பை-வயர், அதாவது எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியிலும் உராய்வு லாக் வேலை செய்யும். அது பிடிப்பது கிரிப்பைத்தானே. ஆனால் அங்கே திரும்பும் ஸ்ப்ரிங் மெல்லியதாக இருக்கலாம். கனமான கேபிள் ஸ்ப்ரிங்கை நினைத்துச் செய்த லாக், லேசாக உரசினாலே அப்படிப்பட்ட த்ராட்டிலைத் திரும்பவிடாது. நிறுவனமே க்ரூஸ் கண்ட்ரோல் கொடுத்திருக்கும் சில வண்டிகளில், மூடிய நிலையிலிருந்து கிரிப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் திருப்பினால் க்ரூஸ் விலகும். லாக் மாட்டினால் அந்தக் கடைசி அசைவு தடைபடக் கூடாது.

வகைகள்

உள்ளங்கைத் தாங்கி என்று ஒன்று உண்டு. க்ராம்ப்பஸ்டர் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. கிரிப்பைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் பட்டை, அதிலிருந்து நீளும் ஒரு நாக்கு. உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்தால் விரல்களை இறுக்காமலே த்ராட்டில் திறந்திருக்கும். இது லாக் இல்லை. கையை எடுத்தால் த்ராட்டில் மூடிவிடும், அதனால் பயப்படுபவர்களுக்கும் புதியவர்களுக்கும் இதிலிருந்து தொடங்கச் சொல்வோம். ஆனால் இதற்கும் ஒரு விஷக்கடி உண்டு. மெதுவாகத் திரும்பும்போதோ பார்க்கிங்கில் நகர்த்தும்போதோ, விரல்கள் பிரேக்கில் இருக்க, உள்ளங்கையின் எடை நாக்கின்மேல் விழுந்து வண்டி பாயும். நாக்கை கிரிப்பின் வெளிமுனைக்குத் தள்ளி மாட்டுங்கள். உள்ளங்கையின் ஓரம் மட்டும் படட்டும். ஓடும் வேகத்தில் நாக்கு ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்கும்படி கோணம் வையுங்கள். நகருக்குள் நுழைந்ததும் சுழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

ரப்பர் வளையம்: கிரிப்புக்கும் பார் எண்டுக்கும் நடுவே உருட்டிவிடும் தடித்த ஓ-ரிங். மிக மலிவு, ஆரம்பத்தில் அழகாக வேலை செய்யும். வெயிலிலும் புற ஊதாக் கதிரிலும் ரப்பர் காய்ந்து பிளக்கும், மழையில் வழுக்கும், இறுக்கத்தை நீங்கள் நிர்ணயிக்க முடியாது. சோதித்துப் பார்க்க நல்லது, நிரந்தரமாக வைக்க இல்லை.

பிரேக் லிவரின்மேல் சாய்ந்து நிற்கும் கவ்விகளை வாங்க வேண்டாம். கிரிப்பில் மாட்டும் ஒரு வளைவு, அதிலிருந்து ஒரு கை நீண்டு முன் பிரேக் லிவரின் மேல் உட்காரும். பிரேக் பிடிக்கும்போது லிவர் நகர்கிறது, அதோடு சாய்ந்து நிற்கும் கை உரசுகிறது, சிக்குகிறது. அவசரத்தில் நகர வேண்டிய ஒரே லிவரில் எதையும் சாய்த்து வைக்கக் கூடாது.

இனி உண்மையான போட்டி இரண்டு வகைக்கு நடுவே.

முதலாவது பார் எண்ட் உராய்வு லாக். காவ்கோ, த்ராட்டில்மைஸ்டர் போன்றவை இந்த ரகம். இருக்கும் பார் எண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இது அமரும். வெளியே உள்ள திருகு வளையத்தைத் திருப்பினால் அது கிரிப்பின் முனையை நோக்கி நகர்ந்து அழுத்தும். எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவு பிடிப்பு. மாடலுக்கேற்ற தனிப் பாகங்களாக விற்கப்படுவதால் சரியானதை வாங்கினால் பொருத்தம் அச்சாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் மரையின் திசை. வண்டியின் வலது பக்கம் நின்று பார் முனையைப் பாருங்கள். த்ராட்டில் திறப்பது கடிகாரத்துக்கு எதிர்த்திசை, மூடுவது கடிகாரத் திசை. திருகு வளையத்தில் சாதாரண வலது மரை இருந்தால், கிரிப்பை மூடும்போது உரசும் விசை வளையத்தையும் கடிகாரத் திசையில் இழுத்து இன்னும் இறுக்கும். மூட மூட இறுகும் லாக்! இடது மரை இருந்தால் மூடும் அசைவே வளையத்தைத் தளர்த்தும். பெட்டியில் இதை எழுதியிருக்க மாட்டார்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: முனையை நேராகப் பார்த்தபடி வளையத்தைக் கடிகாரத் திசையில் திருப்பினால் அது கிரிப்பை விட்டு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் யோசியுங்கள். இடது மரையிலும் ஒரு சிறு விலை உண்டு: ஸ்ப்ரிங்கின் இழுப்பும் தளர்த்தும் திசையில்தான் வேலை செய்கிறது, அதனால் அதிர்வில் த்ராட்டில் மெல்ல மெல்ல நழுவி மூடும். மூடிக்கொள்ளும் நழுவல் வேகத்தைத்தான் குறைக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த வகையின் இன்னொரு சிக்கல் எடை. பார் எண்ட் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ஹேண்டிலின் அதிர்வை அடக்கும் கனம் அது. கனமான இரும்பு எண்டைக் கழற்றிவிட்டு இலேசான அலுமினிய லாக்கை மாட்டினால் அதிர்வு கூடி விரல் மரத்துப்போகும். கை வலிக்காக வாங்கிய பொருளே கை வலியைக் கூட்டும். பழையதையும் புதியதையும் சமையலறைத் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் பித்தளை அல்லது இரும்பில் செய்ததைத் தேடுங்கள். இடது பக்கத்துக்கும் இணையான எடை வேண்டும்.

மூன்றாவது சிக்கல் விழுவது. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலும் முதலில் தரையைத் தொடுவது பார் முனை. அந்த அடியில் லாக் உள்ளே தள்ளப்பட்டு கிரிப்பை நசுக்கினால் த்ராட்டில் திறந்தபடியே சிக்கும். மண் சாலையில் அடிக்கடி வண்டியைக் கீழே போடுபவர்களுக்கு இந்த வகையைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது, உள்விளிம்பில் கவ்வும் வகை. கிரிப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே த்ராட்டில் குழாயின் விளிம்பைச் சுற்றி மாட்டும். விஸ்டா க்ரூஸ் போன்ற பழைய வடிவங்களில் கட்டை விரலால் தள்ளும் ஒரு சிறு லிவர். அட்லஸ் போன்ற புதியவற்றில் இரண்டு பொத்தான்கள், ஒன்று பிடிக்க, ஒன்று விட. பிடித்ததும் ஓர் உராய்வுப் பட்டை ஸ்விட்ச் பெட்டியின் மீது அழுந்தி கிரிப்பை நிறுத்தும். பார் எண்டைத் தொட வேண்டியதில்லை, ஹேண்ட் கார்ட் அப்படியே இருக்கும், விழுந்தாலும் அடி படாத இடம், கட்டை விரல் கிரிப்பை விட்டு அதிகம் நகராமலே போடலாம், எடுக்கலாம். எங்கள் பார்வையில் இடைவெளி அனுமதித்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரி.

அனுமதிக்காத இடங்களும் உண்டு. ஸ்விட்ச் பெட்டி உருண்டையாக, சமமற்று இருந்தால் பட்டைக்கு உட்கார இடமில்லை. கிரிப் ஹீட்டரின் ஒயர் அங்கேயே வெளியே வந்தால் கவ்வியும் ஒயரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். அந்த ஒயர் கிரிப்போடு சேர்ந்து சுழல்வது, நசுங்கினால் ஒரு நாள் அறும். லாக்கின் உடல், எஞ்சினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்சையோ ஸ்டார்ட்டர் பொத்தானையோ மறைத்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல்பக்கம் மாட்டுவது, கீழ்ப்பக்கம் மாட்டுவது என இரு வடிவங்கள் இருந்தால் இரண்டையும் வண்டியில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பற்சக்கரம் போல 'டிக் டிக்' என்று படிப்படியாகப் பூட்டும் எதுவும் வேண்டாம். உராய்வை மணிக்கட்டால் மீறலாம். பல்லை மீற முடியாது.

ஆண்டு முழுதும் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவர்கள், மலைச்சாலை அதிகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு லாக்கைவிட, தனியாக விற்கப்படும் மின்னணு க்ரூஸ் கண்ட்ரோல் கிட்டே பொருத்தம். அது பிரேக் ஸ்விட்ச், க்ளட்ச் ஸ்விட்ச் இரண்டோடும் இணைந்திருப்பதால் தொட்டதும் விலகும். விலையும் பொருத்தும் வேலையும் பல மடங்கு.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

லாக்கை வண்டியிலோ மாதிரிக் குழாயிலோ மாட்டச் சொல்லுங்கள். எப்போதும் போடும் தடித்த கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டு எடுக்க முடிகிறதா? போட்ட நிலையில் கிரிப்பை இரண்டு விரலும் கட்டை விரலும் மட்டும் பிடித்து முழுதாக மூட முடிகிறதா? எடுத்த நிலையில் உரசல் துளியும் இல்லாமல் திரும்புகிறதா? மூன்றில் ஒன்று தவறினாலும் வேண்டாம்.

பொருத்துவது: பார் எண்ட் வகை

சாவியை எடுத்துவிடுங்கள், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பழைய எண்டின் ஸ்க்ரூவில் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் விடும் பசை) போட்டிருப்பார்கள். இந்த வேலையில் அதிகம் கெடுவது இந்த ஸ்க்ரூவின் தலைதான். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரநிலை) வடிவம், சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சரியான பிட்டைச் செருகி, ஹாட் ஏர் கன்னால் ஓரிரு நிமிடம் சூடாக்கி, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரால் கழற்றுங்கள். கிரிப் ரப்பரை ஈரத்துணியால் மூடி வெப்பத்திலிருந்து காப்பாற்றுங்கள்.

கழற்றியவற்றை வந்த வரிசையிலேயே ஒரு தாளில் அடுக்குங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது என்பதில்தான் இடைவெளி அமைகிறது.

கிரிப்பின் முனை மூடியதாக இருந்தால் கூரான கத்தியால் வட்டமாக வெட்டித் திறக்க வேண்டும். ரப்பர் விளிம்பு உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாயின் முனையைத் தாண்டி நீளக் கூடாது. நீண்டால் லாக் திறந்திருக்கும்போதும் ரப்பர் உரசி, த்ராட்டில் மெதுவாகத்தான் மூடும். லாக் அழுத்த வேண்டியது குழாயின் முனையை; மெத்தென்ற ரப்பரை அழுத்தினால் பிடிப்பு ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும்.

பின் லாக்கைச் செருகுங்கள். முழுதாகத் தளர்த்திய நிலையில் கிரிப்புக்கும் லாக்கின் உள்முகத்துக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். குறைந்தால் வாஷர் சேருங்கள். நீல நிற, நடுத்தர வலிமை த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு. முறுக்கு விசை லாக்கோடு வரும் தாளில் சொன்னபடி. தாளில் இல்லை என்றால் எம்6 ஸ்க்ரூவுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போக வேண்டாம். விரியும் ரப்பர் வகையில் ஸ்க்ரூவை இறுக்கியபின் லாக்கின் உடலை இழுத்தும் திருகியும் பாருங்கள். பாருக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் ரப்பர் பிடிக்காது. பெட்ரோல் நனைத்த துணியால் முன்கூட்டியே துடைத்து உலரவிட வேண்டும்.

பொருத்துவது: உள்விளிம்பு வகை

இங்கே கெடுவது ஒரே இடத்தில். கவ்வியின் ஸ்க்ரூக்களை அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் குழாய் நசுங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளும். லாக் போடாமலே த்ராட்டில் சிக்கும். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் கிரிப்பைத் திறந்து விட்டுப் பாருங்கள். திரும்பும் வேகம் துளி குறைந்தாலும் கால் சுற்றுப் பின்வாங்குங்கள். சிறிய எம்4 ஸ்க்ரூக்களுக்கு 2 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இறுக்கினாலே அது வந்துவிடும்.

அடுத்து, மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை கிரிப்பைச் சுழற்றி, லாக்கின் உடல் எதிலாவது இடிக்கிறதா பாருங்கள். பிரேக் லிவரை முழுதாக அழுத்தியபடியும் இதையே செய்யுங்கள். உராய்வுப் பட்டை ஸ்விட்ச் பெட்டியின் தட்டையான இடத்தில், முழுச் சுழற்சியிலும், உட்கார வேண்டும். பெட்டியின் இணைப்புக் கோட்டில் ஏறி இறங்கினால் அந்த இடத்தில் பிடிப்பு துள்ளும். பட்டைகள் வெவ்வேறு தடிமனில் வந்தால் மெல்லியதில் தொடங்குங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான கடைசிச் சோதனை: ஹேண்டில் நேராக, இடது கோடி, வலது கோடி என மூன்று நிலையிலும் லாக் இல்லாமல் த்ராட்டில் 'டக்' என்று மூட வேண்டும். பிறகு எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். ஐடில் (த்ராட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் ஓடும்) ஒலி மாறினால் ஏதோ கேபிளை இழுக்கிறது. சரியாகும் வரை சாலைக்குப் போகாதீர்கள்.

முதல் ஓட்டம்

ஆளில்லாத நேர்ச்சாலையில், மணிக்கு 50, 60 கி.மீ. வேகத்தில் லாக்கைப் போடுங்கள். கையை எடுக்க வேண்டாம். விரல்களைத் தளர்த்தி, கிரிப் அப்படியே நிற்கிறதா என்று மட்டும் உணருங்கள். பிடிப்பு ஸ்ப்ரிங்கை வெல்லும் அளவுக்கு ஒரு மயிரிழை அதிகம் இருந்தால் போதும்.

இப்போது மணிக்கட்டை முன்னால் சுழற்றி மூடுங்கள். மறுபடி போடுங்கள், மூடுங்கள். பத்து முறை. பிறகு மூடிக்கொண்டே பிரேக் பிடிப்பது, பத்து முறை. பொத்தானைத் தேடும் பழக்கம் வராமல், 'முதலில் மணிக்கட்டு, பிறகு விரல்' என்ற வரிசை உடம்பில் ஊற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

லாக் போட்டபடி க்ளட்சை மட்டும் இழுத்தால் என்ன ஆகும் என்பதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுமை போனதும் எஞ்சின் அலறிக்கொண்டு உச்ச ஆர்.பி.எம்.முக்குப் போகும். அந்தச் சத்தத்தில் பதறி க்ளட்சை விட்டால் வண்டி பாயும். கியர் மாற்றும் முன் எப்போதும் லாக்கை எடுங்கள். உண்மையிலேயே த்ராட்டில் திறந்தபடி சிக்கிவிட்டால், க்ளட்சைப் பிடித்து, விடாமல், கட்டை விரலால் கில் ஸ்விட்சை அடியுங்கள், பிறகு பிரேக். எஞ்சின் ஒரு நொடி அலறட்டும், பரவாயில்லை. கில் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

வலது கையை எடுக்கும் நேரம் 5 முதல் 10 நொடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது, கை தொடையில் இருக்கும்வரை முன் பிரேக் உங்களிடம் இல்லை. முன்னே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை காலியாக இருந்தால் மட்டுமே கையை எடுங்கள். மழை, வளைவு, சரளை, இறக்கம், நெரிசல், குழுவாக ஓட்டுவது எதிலும் லாக் வேண்டாம். ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கும்போது த்ராட்டில் திறந்தபடி நிற்பது வழுக்கலை வளர்க்கும்.

உங்கள் ஊர் வாகன விதிகளையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். கையை விட்டதும் த்ராட்டில் தானாக மூட வேண்டும் என்பது வாகனத் தரவிதிகளில் இருக்கும் ஒன்று. ரேஸ் டிராக்குக்குப் போவதாக இருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள், பரிசோதனையில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கெடும் இடங்கள்

ஓட ஓட வேகம் தானாகக் குறைகிறது என்றால் அதிர்வில் பிடிப்பு நழுவுகிறது. உராய்வு முகத்தில் எண்ணெயோ சங்கிலி லூப்போ பட்டிருக்கலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகே இறுக்கத்தைக் கூட்டுங்கள். காலையில் சரியாக இருந்து நண்பகலில் இறுகினால், வெயிலில் கிரிப் ரப்பர் உப்பி இடைவெளியைத் தின்கிறது. வாஷர் சேர்க்க வேண்டும். தடித்த மேலுறை போட்ட கிரிப்பில், லாக் நன்றாகப் பிடித்தும் வேகம் மாறினால், உறை உள்ளே வழுக்குகிறது, உறையைக் கழற்றிவிடுங்கள். லாக் போடாதபோதும் 'கிறீச்' என்ற உரசல் கேட்டால் பார் எண்ட் உள்ளே நகர்ந்திருக்கிறது, அன்றைக்கே பாருங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒரு முறை 'டக்' சோதனை, மாதம் ஒரு முறை ஸ்க்ரூக்களின் இறுக்கம், தூசிச் சாலைக்குப் பிறகு உராய்வு முகத்தைத் துடைப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு. உராய்வுப் பட்டையும் ரப்பர் வளையமும் தேயும் பாகங்கள். வாங்கும்போதே ஒரு ஜோடி உபரியாக வாங்கி கருவிப் பையில் போட்டுவிடுங்கள். வண்டி எப்போது கீழே விழுந்தாலும், தூக்கி நிறுத்தியதும் ஸ்டார்ட் பொத்தானைத் தொடுவதற்கு முன் கிரிப்பைத் திறந்து விட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் லாக்கை அங்கேயே கழற்றிவிட்டு வண்டியை எடுங்கள். அதற்கு வேண்டிய ஆலன் கீ ஒன்று பையில் இருக்கட்டும்.